மஞ்சள் அடித்த மூன்று கட்டங்கள்

எனக்குப் பயம் முதலில் முழங்காலுக்குப் பின்னால்தான் வரும். மற்றவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்குமாம், நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். எனக்கு முழங்கால் மடிப்பு நமநமவென்று அரிக்கும். அன்று காலை பத்தரை மணிக்கு அரிக்கத் தொடங்கியது. மூன்று மணிவரை நிற்கவே இல்லை.

நான் அப்போது பொதுக் கொள்கைப் படிப்பில் கடைசி வருடம். படிப்பு முடிய வேண்டுமென்றால் ஓர் அரசு அலுவலகத்தில் மூன்று மாதம் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். திங்கள் முதல் வியாழன்வரை அலுவலகம், வெள்ளிக்கிழமை கல்லூரியில் தலைமைப் பண்பு வகுப்பு. அந்த வகுப்பில் தைரியத்தைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். நானும் தைரியத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா, எழுதினால் பேனாதான் வெந்துவிடுமா.

சுகாதாரத் துறையின் திட்டப் பிரிவில் என்னைப் போட்டிருந்தார்கள். நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல். எங்கள் பிரிவு அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் சிவப்பு மை. நாம் எழுதிக் கொடுக்கும் எந்தக் குறிப்பும் அவரிடம் போய்த் திரும்பினால் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். ஒருமுறை நான் ‘ஏறத்தாழ நானூறு பேர்’ என்று எழுதிவிட்டேன். என்னை மேசைக்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்டார்.

“ஏறத்தாழன்னா எவ்வளவு?”

“கிட்டத்தட்ட மேடம்.”

“உனக்கு ஏறத்தாழ டிகிரி குடுத்தா வாங்கிட்டுப் போயிடுவியா?”

பிரிவில் இருந்த ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் அறைக் கதவைப் பார்த்தாலே எனக்கு அரிப்பு வந்துவிடும்.

என் வேலை ஓர் அட்டவணை. சின்னச் சின்னப் பிரசவ மையங்கள் முப்பத்து நான்கு. ஒவ்வொன்றிலும் மாதத்துக்கு எத்தனை பிரசவம் நடக்கிறது என்று கேட்டு அனுப்பியிருந்தோம். மாதம் ஆறுக்குக் கீழே இருக்கும் மையங்களை மூடிவிட்டுப் பக்கத்து மருத்துவமனையோடு சேர்ப்பது என்பது திட்டம். முப்பத்தொரு மையங்கள் பதில் அனுப்பின. மூன்றிலிருந்து வரவில்லை. அந்த மூன்று கட்டங்களில் ‘பதில் வரவில்லை’ என்று அடித்தேன். உடனே கணினி கீழே வரவேண்டிய சராசரியைப் போட மாட்டேன் என்று அடம்பிடித்தது. எழுத்து இருந்தால் அதற்குக் கணக்குத் தெரியாது. சிவப்பு மையோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்கு வந்து, “முடிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூன்றிலும் பூஜ்ஜியம் போட்டேன். நாளைக்குத் தொலைபேசியில் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று, மறக்காமல் இருக்க மூன்று கட்டங்களுக்கும் மஞ்சள் நிறம் அடித்தேன். மஞ்சள் என்றால் இன்னும் பார்க்க வேண்டியது. அது எனக்கு மட்டும் தெரிந்த சட்டம்.

வண்ண அச்சுப்பொறி ஆறாவது மாடியில் இயக்குநர் அறைக்கு வெளியே மட்டும்தான் உண்டு. எங்கள் மாடிக்கு எப்போதும் கறுப்பு வெள்ளை. தாளில் மஞ்சள் வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, கல்லூரிக்குப் போய்விட்டேன். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை வேறு வேலை கொடுத்தார்கள். மறந்தேபோனேன்.

இரண்டு வாரம் கழித்து, அந்த வியாழக்கிழமை காலை, பிரிவுத் தொலைபேசி அடித்தது. தொலைபேசியை எடுப்பது இன்டர்ன் வேலை.

“திட்டப் பிரிவுங்களா? நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் பிரசவ மையத்து நர்ஸ் பேசறேன். ஒண்ணாம் தேதி சாவியை ஒப்படைக்கத் தயாரா இருக்கணும்னு மாவட்ட ஆபீஸ்லேர்ந்து கடிதம் வந்திருக்கு. எதுக்குன்னு சொல்ல முடியுமா?”

“மாசம் ஆறு பிரசவத்துக்குக் கீழ இருக்கிற இடத்தையெல்லாம் சேக்கறாங்க மேடம். இன்னிக்குக் கூட்டத்துல முடிவு பண்ணுவாங்க.”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது.

“போன மாசம் இருபத்து மூணு பாத்தேன். நான் ஒருத்திதான் இருக்கேன். நீங்க அனுப்பின ஃபாரம் வந்தப்ப அந்த ஒரு வாரத்துல மட்டும் ஒன்பது. நிரப்ப நேரமில்ல. அதுக்காகவா மூடறீங்க? இங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் படகுல போயி, அப்புறம் பஸ் பிடிச்சு ஒன்றரை மணி நேரம். வலி வந்தவ படகுலயா பெத்துப்பா?”

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கூட்டத்துக்கான கோப்பின் நகல் என் மேசையில்தான் இருந்தது. மூட வேண்டிய மையங்கள் ஐந்து. பட்டியலில் முதல் மூன்றும் பூஜ்ஜியம். மூன்றும் என் பூஜ்ஜியங்கள். கீழே சிவப்பு மையின் கையெழுத்து. கூட்டம் மூன்று மணிக்கு.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே பயமாக இருந்தது. பக்கத்து மேசையில் இன்னொரு இன்டர்ன், தினமும் டை கட்டிக்கொண்டு வருவதால் அவன் பெயரே டை. மெல்லிய குரலில் அவனிடம் சொன்னேன். அவன் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினான்.

“இதுல உன் பேரு எங்கயாவது இருக்கா?”

“இல்ல.”

“இருக்காது. ஃபைல்ல இன்டர்ன்னு ஒரு ஆளே கிடையாது. நாம எழுதினா அவங்க எழுதின மாதிரி. அப்புறம் ஏன் நீயா போய்த் தலையைக் குடுக்கறே? சர்டிஃபிகேட் கையில வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு இரு.”

அவன் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை இப்போது சொல்லவே கூசுகிறது. ஆனாலும் அரை நிமிடம் நன்றாக மூச்சு வந்தது. பிறகு அந்தக் குழந்தை அழுத சத்தம் நினைவுக்கு வந்தது.

பதினொரு மணிக்குப் போனேன். சிவப்பு மை தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நிமிராமலே ஒரு விரலைத் தூக்கி, இரு என்றார். அந்த ஒரு விரலைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிட்டேன். பதினொன்றரைக்கு மறுபடி போனேன். இந்த முறை நிமிர்ந்தார்.

“என்ன?”

“ஸ்டேப்ளர் பின் வேணும் மேடம்.”

இழுப்பறையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துத் தந்தார். வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு நடையில் எதிரே வந்தார். இதுதான் சமயம், வாயைத் திற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்தான் முதலில் திறந்தார்.

“மூணு மணி கூட்டத்துக்கு நகல் எடுத்தாச்சா?”

“இதோ எடுக்கறேன் மேடம்.”

எடுத்தேன். தப்பான அட்டவணையை என் கையாலேயே இருபத்திரண்டு நகல் எடுத்தேன். தாள்கள் சூடாக வந்து விழுந்தன. அவர் கொடுத்த ஸ்டேப்ளர் பின்களாலேயே அவற்றைத் தைத்தேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். எதைக் கேட்டாலும் முதலில் பழைய கதையைத்தான் எடுப்பாள்.

“தனியா போய்ச் சொல்லேன்டி. கடிச்சு முழுங்கிடுவாங்களா?”

“நீ அந்த மேடத்தைப் பாத்ததில்ல.”

“உன்னைப் பாத்திருக்கேனே. எட்டு வயசுல அம்மாவோட மூக்குக்கண்ணாடியை உடைச்சே. மூணு நாள் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டு, சித்தப்பா வீட்டுக்காரங்க எல்லாரும் வந்து உக்காந்தப்ப நடுக்கூடத்துல நின்னு சொன்னே. எதுக்கு? அவங்க முன்னாடி அம்மா அடிக்க மாட்டாங்கன்னு. எல்லாரும் உன்னைத்தான் உண்மை பேசற பொண்ணுன்னு தூக்கி வெச்சாங்க. அம்மாவுக்குத்தான் தலைகுனிவு, புள்ளையை மெரட்டி வெச்சிருக்காங்கன்னு.”

“இப்ப எதுக்கு அதெல்லாம்?”

“சும்மா சொன்னேன். கடைக்கு ஆள் வந்தாச்சு. வெக்கட்டா?”

அவள் மேல் எரிச்சலாக வந்தது. உயிர் போகிற நேரத்தில் கண்ணாடிக் கதை.

மூன்று மணி. கூட்ட அறையில் நீள மேசை. மேசையைச் சுற்றி அதிகாரிகள். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், அவை எங்களைப் போன்றவர்களுக்கு. சுவர் நாற்காலிக்காரர்கள் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கலாம், தாள் எடுத்துக் கொடுக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. யாரும் எழுதி வைக்காத விதி இது. ஆனால் அதை மீறியவரை நான் பார்த்ததில்லை. சிவப்பு மை எனக்கு நேர் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. கையை நீட்டினால் தொடலாம். குனிந்து காதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கூட்ட நிரலில் நாலாவது பொருள் வந்தது. இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “ஐந்து மையங்கள். மூன்றில் பிரசவமே இல்லை. இதுல பேசறதுக்கு ஒண்ணுமில்ல, அடுத்தது போகலாமா?”

மேசையில் இருந்தவர்கள் தலையாட்டத் தொடங்கினார்கள். முழங்கால் அரித்தது. எப்படி எழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது. நாற்காலி சுவரில் இடித்த சத்தத்தில் இருபது முகங்களும் திரும்பின.

“சார், அந்த மூணும் ஜீரோ இல்ல. பதில் வரல. நான்தான் ஜீரோ போட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் போன மாசம் இருபத்து மூணு பிரசவம்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க யாரு?”

“இன்டர்ன் சார்.”

“கையெழுத்து யாருது?”

சிவப்பு மை திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறவரைப் போல ஒரு நொடி அந்த முகம் இருந்தது. பிறகு மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என் கையெழுத்துதான் சார்.”

“நான்தான் தப்பு பண்ணினேன் சார்,” என்றேன்.

“இன்டர்ன் தப்பு பண்ண முடியாதும்மா. ஃபைல்ல நீங்க கிடையாது.” இயக்குநர் பொருளை ஒத்திவைத்தார். பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்துச் சொன்னார், “ஆனா இந்தப் பொண்ணுக்கு இருக்கிற தைரியம் இங்க எத்தனை பேருக்கு இருக்கு? லீடர்ஷிப்னா இதுதான்.” யாரோ ஒருவர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். சிவப்பு மையும் தட்டினார். தட்டாமல் இருக்க முடியாதே.

கைதட்டலுக்கு நடுவில் எனக்கு அம்மாவின் கண்ணாடி நினைவுக்கு வந்தது.

மறு வாரமே மூன்று மையங்களுக்கும் ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தார்கள். மூன்றும் பிழைத்தன. நர்ஸ் ஒருமுறை போன் செய்து, சாவியை ஒப்படைக்க வேண்டாமென்று கடிதம் வந்துவிட்டது என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதே வாரம் சிவப்பு மைக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வரவேண்டிய பதவி உயர்வை நிறுத்திவைத்தார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பில் என்னை மேடையேற்றி நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். காலை பத்தரையிலிருந்து மூன்று மணிவரை நடந்ததை மட்டும் விட்டுவிட்டேன். அங்கேயும் கைதட்டினார்கள்.

கடைசி மூன்று வாரமும் சிவப்பு மை என்னிடம் வேலை தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. என் குறிப்புகளில் சிவப்பு இன்னும் கொஞ்சம் கவனமாக விழுந்தது, அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் தேவலை. தினமும் காலையில் அந்தக் கதவைக் கடக்கும்போது, இன்றைக்குக் கூப்பிடுவார் என்று பயந்தேன். கூப்பிடவில்லையே என்று மாலையில் அதைவிடப் பயந்தேன்.

இன்டர்ன்ஷிப் முடிந்து மதிப்பீட்டுப் படிவம் கல்லூரிக்கு வந்தது. ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றும் பத்துக்கு. நேரம் தவறாமை ஒன்பது. எழுத்து ஏழு. கணக்கீடு நாலு. ஒத்துழைப்பு ஆறு. தலைமைப் பண்பு, காலி.

“காலியா விட்டா கம்ப்யூட்டர் தானா ஜீரோ எடுத்துக்கும்,” என்றார் கல்லூரி எழுத்தர். “மறந்திருப்பாங்க. போய்க் கேட்டுப் போட்டு வாங்கிட்டு வாம்மா.”

மறந்திருப்பாராம். ‘ஏறத்தாழ’வையே மறக்காதவர். ஆனால் போய்த்தான் ஆக வேண்டும். இந்த முறை கூட்டம் இல்லை, இயக்குநர் இல்லை. நாலாவது மாடிக்குப் படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்றேன். அவர் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போய், பின்னால் கதவைச் சாத்தினேன்.

“எதுக்குச் சாத்தறே?”

“உங்ககிட்ட மட்டும் சொல்லணும் மேடம்.” படிவத்தை மேசையில் வைத்தேன். “கூட்டத்துலதான் எனக்குத் தெரியவந்துச்சுன்னு எல்லாரும் நெனச்சுட்டிருக்காங்க. காலையில பத்தரைக்கே தெரியும்.”

அவர் பேனாவை மூடினார்.

“மூணு மணி வரைக்கும் என்ன பண்ணே?”

“பயந்துட்டிருந்தேன்.”

“யாருக்கு?”

“உங்களுக்கு. ஸ்டேப்ளர் பின் கேட்டு வந்தேனே, அப்பவே சொல்லத்தான் வந்தேன். தனியா சொன்னா திட்டுவீங்க. எல்லார் முன்னாடியும் சொன்னா திட்ட முடியாது. அதான் அங்க சொன்னேன். அது தைரியமில்ல மேடம்.”

எதிர்க் கட்டடத்து ஜன்னலை யாரோ சாத்தினார்கள். அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பத்தரைக்குச் சொல்லியிருந்தா அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்திருப்பேன். இயக்குநருக்கு ஒரு சீட்டு எழுதினாப் போதும். அஞ்சு நிமிஷ வேலை.”

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனைக்கும் விலை ஐந்து நிமிடம். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்திருக்கிறேன்.

“அந்த அஞ்சு நிமிஷமும் உன்னைத் திட்டிக்கிட்டேதான் எழுதியிருப்பேன்,” என்றார். “அதையும் சொல்லிடறேன்.”

“தெரியும் மேடம்.”

“அடுத்தடுத்து மூணு ஜீரோ. பாத்ததும் என்னன்னு கேட்டிருக்கணும். நீ அட்டவணை குடுத்த அன்னிக்கு டைரக்டர் நாலு தடவை போன் பண்ணிட்டாரு. மறுபடி கூப்பிட்டுக் கத்துவாரேன்னு கையெழுத்தைப் போட்டுட்டேன். நீ ஒருத்தி மட்டும் பயப்படலை.”

பேனாவைத் திறந்து, அந்தக் காலிக் கட்டத்தில் எதையோ எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் தேதியும் போட்டு, படிவத்தை மடித்துக் கொடுத்தார். கல்லூரிவரை பிரித்துப் பார்க்கத் துணிவில்லை.

எழுத்தர்தான் பிரித்தார். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“ஒண்ணுன்னு போட்டிருக்காங்க. பத்துக்கு ஒண்ணா? கூட்டத்துல எழுந்து பேசின பொண்ணு நீதானே?”

“ஆமா சார்.”

“அப்ப பத்துன்னு போட வந்து அவசரத்துல ஜீரோவை விட்டிருக்காங்க. நானே சேத்துடறேன், இதுக்காக மறுபடி எதுக்கு அலையறே?” பேனாவை எடுத்து அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

முழங்காலுக்குப் பின்னால் நமநமவென்று அரித்தது.

“வேண்டாம் சார்,” என்றேன். “அங்க ஜீரோ இல்ல.”